வலது கையைத் தூக்கு

தன் எண்ணெய்க் கம்பெனி மீதான வழக்கில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி கைக்கு வந்த இருபத்தொன்பதாம் நாள், ஹார்லன் டூசே அதைத் தூக்கிக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து சொந்த ஊரான போமான்டுக்கு வண்டியோட்டினான். தப்பாகச் சொன்ன பதில் இருந்தால் திருத்தலாம்; இல்லாவிட்டாலும் முப்பது நாளுக்குள் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஹூஸ்டனில் நோட்டரிக்கா பஞ்சம்? ஆனால் டூசே குடும்பத்துக் காகிதம் எதுவும் நோட்டரியான வெர்னா அக்காவின் முத்திரை இல்லாமல் போனதில்லை. வேறு இடத்துக்குப் போனது தெரிந்தால் ஒரு வருஷம் பேசமாட்டாள்.

வெர்னா வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் அவள் மட்டும் இருந்தாள்.

"வாடா பெரிய மனுஷா. வக்கீலுங்க உன்னை வறுத்தெடுத்துட்டாங்களாமே?"

"ஏழு மணி நேரம்க்கா."

ஏழு மணி நேரத்தில் பதினோரு தடவை "நினைவில்லை" என்று சொல்லியிருந்தான். கம்பெனி வக்கீல் சொல்லிக்கொடுத்த பதில். நினைவில்லாமல் என்ன? கரிப்புகைக்கு நாளை எவ்வளவு வரி வந்தாலும் தாங்குவோம், அதைச் சேர்த்துத்தான் ஒவ்வொரு திட்டத்தையும் கணக்கிடுகிறோம் என்று பங்குதாரர்களுக்கு எழுதியவன் அவன். உள்ளே கணக்குப் போடும்போது அந்த வரியில் பாதியைக்கூடச் சேர்க்காதவனும் அவனேதான். அந்த அறிக்கையை வெர்னாவின் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டுப் படித்துக் காட்டினான். அவன் வார்த்தையை நம்பித்தான், கணவன் செத்து வந்த காப்பீட்டுப் பணத்தை அவள் அவன் கம்பெனிப் பங்குகளில் போட்டாள். போட்டதில் பாதிகூட இப்போது இல்லை.

"அடையாள அட்டை எடுக்கட்டுமா?"

"போடா கிறுக்கா. நான் தூக்கி வளர்த்த உன்னை எனக்குத் தெரியாதா? திருத்தம் ஏதாச்சும் இருக்கா?"

"இல்லை."

"அப்ப கையைத் தூக்கு. இதுல நீ சொன்னதெல்லாம் உண்மைன்னு சத்தியம் பண்றியா?"

கை பாதி தூரம் போனது. அவள் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டு, பிரதியைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், அவனைப் பார்த்துச் சிரித்தாள். திருட்டுப்பயல், நான் ஒரு திருட்டுப்பயல் என்று மனசுக்குள் கத்தினான். கையை இறக்கினான்.

"பேனா குடுக்கா."

பிரதியோடு வந்த திருத்தத் தாளில் எழுதினான். பக்கம் நாற்பத்தேழு. 'நினைவில்லை' என்பதற்குப் பதிலாக: 'நினைவிருக்கிறது. வெளியே ஒரு எண், உள்ளே ஒரு எண். இரண்டும் நான் போட்டவை.' காரணம் என்ற கட்டத்தில்: 'பொய் சொன்னேன்.'

"இதை மட்டும் நீ படிக்கணும்க்கா."

அவள் கண்ணாடி போட்டுப் படித்தாள். மறுபடி படித்தாள். சுவரில் குளிர்சாதனம் இரைந்தது.

"அன்னிக்கு என் மேஜையில உக்காந்து படிச்சியே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

வெர்னா கண்ணாடியைக் கழற்றவில்லை. மேஜைக்குள்ளிருந்து பதிவேட்டை எடுத்து, புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

"உங்க லைசென்ஸைக் காட்டுங்க" என்றாள்.

நீட்டினான். படத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக எழுதினாள்.

"இப்ப வலது கையைத் தூக்குங்க."