தலைமை ஆபீஸ் போன ஊர்

கீழக்கரைக்கு வெளியே இருக்கிற கரிக் கம்பெனியில் மதார் லோடு ஏற்றுகிறவர். கருவேலங்கரியை அரைத்துக் கட்டியாக்கிக் கப்பலுக்கு அனுப்புகிற கம்பெனி. அவர் மகள் சஃபா அங்கேயே ஆபீசில் கணக்குப் பார்த்தாள். தாய் காலிதாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துபோய்ப் படுக்கை. மத்தியானம் சஃபா ஓடிவந்து சோறு ஊட்டினால்தான் உண்டு. லாரி வந்துவிட்டால் மதாரை விடமாட்டார்கள்.

தலைமை ஆபீசை இங்கே கட்டுவதா, கோயம்புத்தூரிலா என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து மதாருக்குத் தூக்கமில்லை.

"ஏலே மதாரு, கரி இங்கன கிடக்கு. ஆபீஸு அங்கன போயி எதைத் திங்கும்?" என்றான் பூமிநாதன், கூட லோடு ஏற்றுகிறவன்.

முதலாளி சம்சாரத்தோடு இடம் பார்க்க வந்தார். தண்ணீர் எப்படி என்றார், உப்பு என்றார்கள். விமானம் என்றார், மதுரைக்குப் போகணும் என்றார்கள். அந்தம்மா பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார். கேட்ட மாதிரிப் பள்ளிக்கூடம் யாருக்கும் தெரியவில்லை. அந்தம்மாவுக்குப் பிறந்த வீடு கோயம்புத்தூர் வேறு.

கை நழுவுகிறது என்று மதாருக்குப் பட்டது. ஊரைத் தூக்கிப் பேசிவிடணும் என்று முன்னால் போய் நின்றார்.

"எங்க ஆளுகளை லேசா நினைக்காதீக மொதலாளி. துபாய், சவூதி, எங்க அனுப்பினாலும் போயி நிப்பாக. நானே ஜித்தாவுல வருசக்கணக்காக் கிடந்தவன். வீட்டை நினைச்சு ஓடியார ஆளுக இல்ல."

முதலாளி முகம் தெளிந்தது.

"பழகின ஆளுகளை விட்டுட்டுப் போகணுமேன்னுதான் யோசிச்சேன். கூப்பிட்டா வருவாங்கன்னா அப்புறம் என்ன? கோயம்புத்தூரே போட்டுருவோம்."

"இல்ல மொதலாளி, எம்மக..." என்பதற்குள் கார்க் கதவு சாத்தியாகிவிட்டது.

"ஒன் வாயைக் கரி மூட்டத்துல போட்டு எரிக்க," என்றான் பூமிநாதன்.

சஃபாவைக் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டார்கள். உம்மாவை விட்டு எப்படிப் போவாள்? கம்பெனி கோபிக்கவில்லை. இங்கே இனி அரவை மட்டுந்தான், கணக்கெல்லாம் அங்கே என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டது.

ஆபீஸ் சாமான் ஏற்ற லாரி வந்தது. மதாரும் பூமிநாதனும்தான் ஏற்றினார்கள். பீரோ, நாற்காலி, கடைசியாகச் சஃபா உட்கார்ந்த மேசை.

"பாத்துத் தூக்குங்க வாப்பா, அந்தக் கால் ஆடும்," என்றாள் சஃபா, வாசலில் நின்றபடி.

"சரி புள்ள."

மேசையைச் சாய்த்து உள்ளே தள்ளிக் கயிறு போட்டார்.

"இன்னும் இருக்கா?" என்றான் டிரைவர்.

"அம்புட்டுத்தான்."

மதார் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது.