ஸ்பெயின் வழக்கம்

தண்ணீர் குடிக்கும் முன் தம்ளரின் விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்ட வேண்டும். ரொட்டியைப் பிட்டால் முதல் துண்டு தட்டின் இடது ஓரத்துக்கு. சிரிப்பு வந்தால் கழுத்தைத் தொட்டுக்கொள்ள வேண்டும். மறந்துவிடக் கூடாது. பேச்சில் தப்பினால் அந்த ஊர்க்காரர்கள் மன்னிப்பார்கள், பழக்கத்தில் தப்பினால் மன்னிக்கமாட்டார்கள் என்று துரைசானி சொல்லியிருக்கிறாள். ஒவ்வொன்றாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபடியே ஜேன், மைசூர் நஜர்பாத்தில் இருந்த அந்தப் பங்களாவின் படியேறினாள்.

துரைசானி மெர்சேதெஸ், மின்சார வேலைக்காக மைசூருக்கு வந்து இறந்துபோன ஸ்பெயின் இஞ்சினியரின் மனைவி. அடுத்த மாதம் கப்பலேறுகிறாள். துணைக்கு ஒரு நர்ஸ் வேண்டும், அவள் ஸ்பானிஷ் பேச வேண்டும். ஐந்து மாதமாக ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் ஜேன் இங்கே வந்துவிடுகிறாள். முதல் அரைமணி சொற்கள், பிறகு இருட்டும்வரை வழக்கங்கள். பாடம் தொடங்கிய அன்றே, வகுப்பில் கூப்பிட அவளுக்கு ஒரு பெயரும் கிடைத்தது: எல்விரா. அழகாக இருந்தது. ஜேன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். அவள் அப்பா மதலைமுத்து, மகள் சீமைக்குப் போகிறாள் என்று தாங்கள் குடியிருந்த மண்டி மொஹல்லா முழுக்கச் சொல்லிவிட்டார்.

போன வாரம் அவர் வாசலிலிருந்து இரண்டு தடவை ஜேன் என்று கூப்பிட்டது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் பேசாமல் இருந்தாள்.

அன்றைக்குப் பரிமாறும் ஆள் வரவில்லை. சமையல்கார சித்தம்மாவே தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். கொள்ளேகாலத்துக்காரி, எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைப்பவள். ஜேன் தம்ளரின் விளிம்பில் விரலை ஓட்டியதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். துரைசானி ஏதோ எடுக்க உள்ளே போனபிறகுதான் கிட்டே வந்தாள்.

"இத ஆரு கண்ணு சொல்லிக் குடுத்தது?"

"துரைசானிதான்க்கா. ஸ்பெயின்ல எல்லாரும் இப்படித்தானாம்."

"எல்லாருமா? துரைசானி தண்ணி குடிக்கறப்ப என்னைக்காச்சும் இப்படித் தடவறதப் பாத்திருக்கியா?"

ஜேன் யோசித்தாள். பார்த்ததில்லை. ஐந்து மாதத்தில் ஒருமுறைகூட இல்லை.

"அது அவுங்க மக பழக்கம். எல்விராம்மா. போன வருசம் காய்ச்சல்ல போச்சே, அந்தப் புள்ள." சித்தம்மா குரலைத் தாழ்த்தினாள். "நடக்கறதுகூட அதே மாதிரி நடக்கற. பேட கண்ணு. வேண்டாம்."

துரைசானிக்கு ஒரு மகள் இருந்து இறந்தது ஜேனுக்குத் தெரியும். பெயரை யாரும் சொன்னதில்லை. அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம். தான் கழுத்தைத் தொட்டுச் சிரிக்கும்போதெல்லாம் துரைசானியின் முகம் மலர்ந்ததை அவள் ரசித்திருக்கிறாள். தன் அம்மா இறந்தபின் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காகவே இன்னும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். ஒரு நாட்டைக் கற்றுக்கொள்வதாக நினைத்திருந்தாள். கற்றதோ ஒரே ஒரு பெண்ணை. இனி எந்த அசைவு தன்னுடையது என்று பிரித்துப் பார்க்க முயன்றாள். முடியவில்லை.

துரைசானி திரும்பி வந்தாள். இன்று கடைசிப் பாடம், இது சரியாக வந்தால் நாளையே இரண்டு கப்பல் சீட்டுக்கும் எழுதிவிடுவேன் என்றாள். மகள் வெகுநாள் கழித்து வீடு திரும்புகிறாள், தாய் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். வெளியே போய், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அம்மா, நான் வந்துவிட்டேன் என்று ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லிவிட்டுத் துரைசானி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

ஜேன் வெளியே போனாள். கதவைத் திறந்தாள். சொற்கள் நாக்கில் தயாராக இருந்தன, உச்சரிப்பில் ஒரு பிசகும் இருக்காது. யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இருந்தும், கேட்டுவிட்டவள்போலத் துரைசானி இரண்டு கைகளையும் விரித்தாள்.

"நான் சொல்லமாட்டேன்மா," என்றாள் ஜேன், தமிழில், மெதுவாக.

துரைசானி கண்ணைத் திறக்கவில்லை. கைகளும் இறங்கவில்லை. மாலை வெயில் ஜேனின் முதுகில் அடித்தது. அவளுடைய நிழல் வாசற்படியைத் தாண்டி, தரையில் நீண்டு, நாற்காலியின் காலடிவரை முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. ஜேன் ஓரடி பின்னால் வைத்தாள். இன்னும் ஓரடி. நிழல் உடனே வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அது வரும்வரை அங்கேயே நின்றாள்.