கொடிக்கம்பத்துக்குத் தோண்டிய குழி

காளியம்மன் கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் கட்சி வளர்ப்பதென்று ராமமூர்த்தி சார் முடிவெடுத்தபோது பவுனு அவர் வீட்டுச் சமையலறையில் குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தாள். சார் மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபிசர் காலனியில் மகள் ரோஹிணிக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் காலையில் நடை, மாலையில் நடை, நடுவில் நாட்டு நடப்பு என்று பொழுதை ஓட்டுபவர். வேலையில்லாத மனிதனைக் கட்சி சும்மா விடுமா? தில்லியில் புதிதாகத் தலையெடுத்த ஒரு கட்சி அவரைத் தென்னிந்தியர் அணிக்குப் பொறுப்பாளர் ஆக்கிவிட்டது. அந்த அணியில் அப்போதைக்கு அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

“பவுனு, உங்க கேம்ப்ல எந்தக் கட்சிக்காவது கிளை இருக்கோ?” என்று கேட்டார்.

“எங்க சார்? ஓட்டுக்கு முந்தின நாள் வருவாங்க. அப்புறம் கொசுதான் வரும்.”

சாரின் கண் பளபளத்தது. கார்ப்பரேஷன் தேர்தலுக்குள் அங்கே ஒரு கிளை திறந்துவிட்டால் மேலிடம் தன்னைத் திரும்பிப் பார்க்கும் என்று அவர் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. பவுனுவும் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டாள்.

“கிளை வந்தா தண்ணி வருமா சார்?”

“கட்சி வந்தா எல்லாம் தானா வரும். நீதான் கிளைச் செயலாளர். நான் சொல்லிடறேன்.”

காளியம்மன் கேம்பில் குழாய் கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவர்கள் முப்பது வருஷமாக டேங்கரை நம்பித்தான் இருந்தார்கள். டேங்கர் மெயின் ரோட்டில் நிற்கும். எப்போது வரும் என்பது அதன் டிரைவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வந்ததும் பெண்கள் குடத்தோடும் ஜெரிகேனோடும் ஓடி, ரப்பர் டியூபை முதலில் உள்ளே விட்டவள் புண்ணியவதி, மற்றவளெல்லாம் பாவி என்று மயிரைப் பிடித்துக்கொள்வார்கள். பவுனு நாலு வீட்டு வேலைக்குப் போய்விடுவதால் டேங்கருக்குக் காவல் இருப்பது மகள் உதயா. மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிற பெண். டேங்கர் தாமதித்தால் அவளுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தண்ணீர் இலாகாவில் கேட்காமலும் இல்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பகுதியில் நிலத்துக்கடியில் லைன் இல்லை, லைன் இல்லாத இடத்தில் குழாய் எப்படி வைப்பது என்பார்கள். நியாயமான பேச்சாகத்தான் பட்டது.

பவுனு சந்து சந்தாகப் போய் ஆள் சேர்த்தாள். கட்சியில் சேர ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். கொள்கை என்னவென்று யாரும் கேட்கவில்லை. சொல்லச் சொன்னால் அவளுக்கும் தெரியாது. எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“தண்ணி வருமா அக்கா?”

“வரும்” என்றாள் பவுனு. சொல்லிச் சொல்லி அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். ஊரிலிருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போட்டு, தான் கிளைச் செயலாளர் ஆகப்போவதைச் சொன்னபோது குரலில் ஒரு மிடுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்பாவுதான் கட்டையைப் போட்டான். கேம்பிலேயே குடியிருக்கும் கொத்தனார். ஊரில் இருந்த காலத்தில் மூன்று கட்சிகளில் இருந்து பழக்கப்பட்டவன்.

“கொடிக்கம்பம் இல்லாம கிளையா? தாலி இல்லாம கல்யாணமா? எங்க ஊர்ல ஆளே இல்லாத கட்சிக்குக்கூட கம்பம் இருக்கு.”

எதிலும் ஒத்துப்போகாத காளியம்மன் கேம்ப் இதில் ஒத்துப்போயிற்று. மாவட்டப் பொறுப்பாளர், அதாவது அங்கத்துப் பேச்சில் பிரபாரி, அபிஷேக் என்ற இளைஞன். கம்பம் என்றதும் அவன் விழித்தான். கொடியை பால்கனியில் கட்டினால் போதாதா என்று இந்தியில் கேட்டான். கேம்பில் பால்கனி இருந்தால் அவர்கள் ஏன் கட்சியில் சேரப்போகிறார்கள்? கடைசியில், ஞாயிற்றுக்கிழமை தானே வந்து கொடியேற்றுவதாகவும், கொடி ஏறினால்தான் கிளை செல்லும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

கம்பத்துக்கான இரும்புக் குழாயை அப்பாவு வேலை செய்கிற இடத்திலிருந்து வாங்கி வந்தான். வாங்கித்தான் வந்தான் என்று வைத்துக்கொள்வோம். எங்கே நடுவது என்பதில் சந்துக்குச் சந்து அடிதடி. கோயில் வாசலில் என்றார்கள், மெயின் ரோட்டு முனையில் என்றார்கள். பவுனு முதல்முறையாகப் பதவியைக் காட்டினாள். தன் வீட்டு வாசலில்தான் என்று சாதித்துவிட்டாள். செயலாளர் வாசலில் கொடி பறக்க வேண்டாமா? அந்தச் சின்ன அற்பத்தனம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிறு காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாழைப்பழம், தேங்காய், சூடம் எல்லாம் வந்திறங்கின. அப்பாவு இடுப்பாழம் தோண்டினான். காற்றுக்குச் சாயாமல் நிற்க இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று மேலும் தோண்டினான். கடப்பாரை ணங் என்றது.

“கல்லு” என்றான் அப்பாவு. கட்சிக்காரன் கல்லுக்குப் பயப்படலாமா? கடப்பாரையைத் தலைக்குமேல் தூக்கி ஓங்கிப் போட்டான்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இங்கே பூதத்தை நடப்போய்க் கிணறு புறப்பட்டது. கூரை உயரத்துக்குத் தண்ணீர் எகிறியது. அப்பாவு குழிக்குள்ளேயே மல்லாந்தான். அப்புறம் கேம்பே குடத்தோடு ஓடி வந்தது. அண்டா வந்தது, வாளி வந்தது, பூஜைச் சொம்பு வந்தது. ஒருத்தி புருஷனையே இழுத்து வந்து நனைத்தாள்.

பவுனு மட்டும் அசையவில்லை. காலடியில், தன் வாசலுக்கு நேர் கீழே, இத்தனை வருஷமும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, மகளை டேங்கருக்குப் பின்னால் ஓட விட்டிருக்கிறாள். அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அதன் பின்னாலேயே பயம் வந்தது. சர்க்கார் குழாயை உடைத்தாயிற்று, நாளைக்கு புல்டோசர் வந்தால் உதயாவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அபிஷேக் வெள்ளைக் குர்த்தாவில் வந்தான். சேறு முழங்காலுக்கு வந்ததும் நின்றான். யாருக்கோ போன் போட்டான். கொடி ஏறாத இந்தக் கிளைக்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லை என்று அவன் இந்தியில் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். வந்த வழியே போய்விட்டான்.

அடுத்து ஜீப்பில் தண்ணீர் இலாகாவின் ஜூனியர் இன்ஜினீயர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார். ஆபிசர் காலனி முழுக்கக் குழாய் வறண்டுவிட்டதாம். அவருக்குப் பின்னாலேயே ராமமூர்த்தி சார் ஆட்டோவில் வந்தார். காதோரம் சோப்பு நுரை காய்ந்துபோயிருந்தது. பாதிக் குளியலில் அவருக்கும் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது.

“பவுனு, தெரியாதுன்னு சொல்லிடு. யாரோ பண்ணிட்டான்னு சொல்லு. என் பேரை இழுக்காதே” என்று காதில் கெஞ்சினார்.

“கிஸ்னே கோதா?” என்றார் இன்ஜினீயர். யார் தோண்டினது என்று கேட்கிறார். அப்பாவு கடப்பாரையை வேட்டிக்குள் மறைக்கப் பார்த்தான். அது மறைகிற சாமானா?

பவுனு அப்பாவுவைப் பார்த்தாள். அவன் ஜெயிலுக்குப் போனால் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் தெருவில் நிற்கும். தோண்டச் சொன்னது அவள், இடம் காட்டியதும் அவள்.

“நான்தான் தோண்டச் சொன்னேன். கிளைச் செயலாளர், பவுனு” என்றாள் அரைகுறை இந்தியில். அந்தப் பதவியை அவள் வாயால் வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

“சர்க்கார் லைனை உடைத்ததாகக் கேஸ் எழுது” என்று இன்ஜினீயர் போலீஸைப் பார்த்தார்.

அப்போதுதான் ராமமூர்த்தி சாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த செக்‌ஷன் ஆபிசர் எழுந்தார். முப்பது வருஷம் அடுத்தவன் ஃபைலில் ஓட்டை தேடிய மூளை. கட்சிப் பயம்கூட அதற்கு முன்னால் நிற்காது. கழுத்தைச் சொறிந்துகொண்டே சுத்த இந்தியில் கேட்டார்.

“எந்த லைன்?”

“இந்த லைன்தான்.”

“இங்க லைனே இல்லைன்னு உங்க ஆபீஸ் இவாளுக்கு வருஷா வருஷம் சொல்லிண்டிருக்கே? இல்லாத லைனை இவ எப்படி உடைச்சா? கேஸ் எழுதணும்னா லைன் இருக்குன்னு எழுதணும். இருக்குன்னா ஏன் குழாய் தரலைன்னு எழுதணும். யார் கையெழுத்துப் போடப்போறேள்? நீங்களா, உங்க மேலதிகாரியா?”

தண்ணீர் இன்ஜினீயரின் ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தவர், சாரைத் தனியே அழைத்துப்போனார்.

திரும்பி வந்த சார் குரலைத் தாழ்த்தினார். “கேஸ் இல்லை. ரிப்பேர் பண்றச்சே இங்கேயே நாலு குழாய் வச்சுடறேங்கறான். ஆனா கட்சிக் கம்பம் இங்க நிக்கப்படாதாம், அவன் வேலைக்கே உலையாம். கம்பம் இல்லேன்னா கிளை இல்லை. உன் பதவியும் இல்லை. யோசிச்சுச் சொல்லு.”

சுவரில் சாய்ந்திருந்த கம்பத்தைப் பவுனு பார்த்தாள். பெயின்ட் இன்னும் காயவில்லை. வாழ்க்கையில் அவளை யாரும் எதற்கும் செயலாளர் ஆக்கியதில்லை. இனி ஆக்கப்போவதும் இல்லை. மனசுக்கு வலிக்கத்தான் செய்தது.

“அப்பாவு, அதைத் தூக்கிட்டுப் போ.”

“இது கட்சித் துரோகம்!” என்று கத்தினான் அப்பாவு, சேறு சொட்டச் சொட்ட.

“உங்கட்சி வந்து எங்குடத்துல ரொம்புமா? தூக்குடா.”

நாலு நாளில் குழாய் வந்தது. முதல் நாள் காலை உதயா குளித்து, தலை பின்னி, மணி அடிக்கும் முன்பே பள்ளிக்குக் கிளம்பினாள். அவள் சந்து முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்ற பவுனு அழுதாள். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றுதான் அழுதாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலைந்து பெண்கள் தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தார்கள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்துக் கேம்பிலிருந்து வந்தவர்கள். மூத்தவள் செல்லம்மாள் நாலு குழாயிலும் கொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க சந்துலயும் கட்சி ஆரம்பிக்கணும் அக்கா. நீங்க வந்து கம்பம் நட்டுக் குடுங்க.”

“என்னைத்தான் கட்சிலேர்ந்து எடுத்துட்டாங்களே. எந்தக் கட்சின்னு நடறது?”

“எதுவா இருந்தா என்னா? குழி மட்டும் நல்லா ஆழமா இருக்கட்டும்.”

பவுனு செருப்பை மாட்டிக்கொண்டு, அப்பாவுவைக் கடப்பாரையோடு வரச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.