வெறும் வாயோடு மூன்றாவது ரவுண்டு

எங்கள் அம்மாவுக்கு எதையும் கொதிக்கவைத்தால்தான் நிம்மதி. பால், குடிதண்ணீர், அப்பாவின் மூளை, ஒன்றையும் விட்டதில்லை. அன்று காலை ரோத்தக் ஸ்டேடியத்துக்குக் குத்துச்சண்டைப் போட்டிக்குக் கிளம்பும் முன், என் தங்கை பட்டேரி பல்லைக் காக்க மாட்டும் மவுத்கார்டை டீ பாத்திரத்தில் வேப்பிலையோடு போட்டு அரை மணி நேரம் வேகவைத்திருக்கிறாள். நாற்றம் அடித்ததாம்.

மவுத்கார்டை ஒரே ஒரு முறைதான் வெந்நீரில் இளக்கிக் கடித்து, பல்லின் அச்சைப் பிடிக்கவைப்போம். அதற்குப் பிறகு சூடு காட்டக் கூடாது. பட்டேரி டப்பாவைத் திறந்தபோது அது பழைய ரொட்டி மாதிரி சுருங்கி விறைத்துக் கிடந்தது.

"அம்மா! என்ன பண்ணித் தொலைச்சே இத?"

"சுத்தம் பண்ணேன்டி. ஏழு மாசத்துல ஒரு நாளாவது கழுவியிருப்பியா நீ?"

"அச்சே போயிடுச்சு! பல்லுல நிக்கவே மாட்டேங்குது!"

"அப்போ கெட்டியாக் கடிச்சுக்க. வாயாடறதும் குறையும்."

அம்மா மேல் கோபப்படவும் நேரமில்லை. மைக்கில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். புதிது வாங்கி அச்செடுக்க முடியாது. இன்னொருத்தியின் கார்டு இவள் தாடையில் உட்காராது. ஜெயித்தால் தேசிய முகாம், தோற்றால் எருமைக் கொட்டகை. நான்கு பெண்களில் கடைசியாகப் பிறந்தவளுக்குப் பட்டேரி, அதாவது 'போதும்' என்று பெயர் வைத்த ஊர் எங்களுடையது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது சிரித்தால் அவள் குத்துவாள். அதைப் பார்த்துதான் நான் அவளைக் குத்துச்சண்டை வளையத்துக்குக் கூட்டி வந்து பயிற்சி கொடுத்தேன்.

எனக்கு முன்பற்கள் மூன்று போலி. நான் ஆடிய காலத்தில் ஒரே கார்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். இறுதி ஆட்டத்தில், என் வாயில் லொடலொடவென்று ஆடிய கார்டு ஒரே குத்தில் பற்களோடு சேர்ந்து வெளியே வந்தது. தங்கம் எனக்குத்தான். மண்ணில் கிடந்த பற்களை எடுத்த புண்ணியவான் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தான். வேரில் உயிர் போய்விட்டது, பாலில் போட்டு அரை மணிக்குள் கொண்டு வந்திருந்தால் திரும்ப நட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஊரே பாலில் மிதக்கிறது, என் பல்லுக்கு ஒரு டம்ளர் கிடைக்கவில்லை.

எதிராளி சோனிபத் பெண் அன்னு. நீளமான கை, கல்லு மாதிரி வலது குத்து. முதல் ரவுண்டில் அந்த வலது பட்டேரியின் கன்னத்தில் இறங்கியது, கார்டு தெறித்து விழுந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். நான் கழுவி மாட்டினேன். பட்டேரி வெறி பிடித்தவளாகப் பாய்ந்து அன்னுவின் விலாவில் நாலு குத்து விட்டாள். அந்தப் பெண் இரண்டாக மடங்கினாள். இரண்டாவது ரவுண்டில் அன்னுவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி பனியன் சிவந்தது. ஆனால் கார்டு மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தால் நடுவர் எச்சரிக்கை கொடுப்பார், புள்ளி அன்னுவுக்குப் போய்விடும். நாங்கள் ஒரே ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தோம்.

இடைவேளையில் பட்டேரி முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"அக்கா, அத மாட்டாத. வாய மூடிக்கிட்டு ஆடறேன். நடுவருக்குத் தெரியாது."

"பைத்தியமா நீ? பல்லு பூரா போயிடும்டி."

"உனக்குப் போச்சுல்ல? மெடல் வரலையா? எனக்கு வரக் கூடாதுன்னு நெனைக்கிறியா?"

வாயில் அறைந்த மாதிரி இருந்தது. நான் கார்டை அவள் உதட்டுக்குள் திணித்தேன். மணி அடித்தது. எழுந்தவள் அதை என் உள்ளங்கையிலேயே துப்பிவிட்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு நடுவே போய்விட்டாள்.

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எச்சில் வழுவழுக்கும் அந்தப் பிளாஸ்டிக்கை கைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். முகாம் ஆசை எனக்கும் இருந்தது, பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? நாற்பது வினாடி அப்படித்தான் நின்றேன். பட்டேரி அன்னுவைக் கயிற்றோடு சேர்த்து நசுக்கினாள். வயிறு, விலா, மறுபடி வயிறு. அரங்கமே எழுந்து கூவியது.

அப்போது அன்னுவின் வலது வந்தது. நேராக வாயில். ஈரத் துணியைக் கல்லில் அடித்த சத்தம். பட்டேரியின் உதடு பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை, ரத்தத்தை விழுங்கினாள். இரண்டாவது குத்தும் அதே இடத்தில். தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது. மூன்றாவது குத்துக்கு அன்னு தோளை இழுத்ததைப் பார்த்தேன்.

துண்டை வீசினேன்.

மூலையிலிருந்து துண்டு விழுந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நடுவர் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டத்தை முடித்தார். முன்னால் இருந்தவள் தோற்றாள். அன்னுவுக்கே நம்ப முடியவில்லை, கை தூக்கப்பட்ட பிறகும் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டேரி கயிற்றைத் தாண்டிக் குதித்து, கையுறையோடு என் கன்னத்தில் ஒரு குத்து விட்டாள். நாற்காலிகளோடு சேர்ந்து விழுந்தேன். மேலே ஏறி உட்கார்ந்து மறுபடி குத்தினாள்.

"ஜெயிச்சுக்கிட்டிருந்தேன்டி நான்! உன்னை யாரு கேட்டது? யாருடி கேட்டது?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "பெத்த வயிறு எரியுது, விடுங்கடி!"

எனக்கு வலியே தெரியவில்லை. அவள் வாய் முழுக்க ரத்தம், உள்ளே எத்தனை பல் இருக்கிறது எத்தனை போயிற்று என்று தெரியவில்லை. விழுந்திருந்தால் தரையில் தேட வேண்டும், பால் வாங்க ஆள் அனுப்ப வேண்டும், அரை மணிதான் இருக்கிறது. இடது கையால் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து, வலது ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டேன்.

கடித்தாள். நாய் கவ்வுகிற மாதிரி கவ்வி, தலையை ஆட்டினாள். அலறினேன். அம்மா அவள் மூக்கைப் பிடித்து அடைக்க, நடுவர் இடுப்பைப் பிடித்து இழுக்க, ஒருவழியாக விட்டாள்.

"இனிமே நீ என் மூலைல நிக்காத. வீட்ல எங்கூடப் பேசவும் பேசாத," என்று சொல்லிவிட்டு, ரத்தத்தை என் காலடியில் துப்பிவிட்டுப் போனாள்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பல் தடம் மேலே நான்கு, கீழே நான்கு. நெருக்கமாக, ஆழமாக, இடையில் எங்கும் சந்து விடாமல் பதிந்திருந்தன.