நாற்பத்திரண்டு நாள் சோப்பு

அவளுக்கு ‘மூக்கு’ என்று பேர் வைத்தது புருஷன்தான். பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்தே சொல்லிவிடுவாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. பிழைப்பு கண்ணால் நடந்தாலும் அவள் வாழ்ந்தது என்னவோ மூக்கால்தான்.

அவன் கப்பலில் என்ஜின் பார்ப்பவன். கல்யாணமாகி எட்டு வருஷம். ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் மேலே எண்ணெய் வாடை. கடை சோப்பு எதற்கும் அது மசியவில்லை. விட்டேனா பார் என்று அவளே வீட்டில் சோப்பு செய்யத் தொடங்கினாள். கல்யாணமான புதுசில் ரயிலில் அவன் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். அந்த மணம் இருவர் கையிலும் மறுநாள் வரை இருந்தது. அதுதான் அவளுக்கு வேண்டும்.

சோப்புக்கு அவசரம் ஆகாது. வார்த்து, வெட்டி, நாற்பத்திரண்டு நாள் காற்றாட வைத்தால்தான் காரம் அடங்கி மேலுக்குப் போடும் பதம் வரும். அவன் வரும் தேதி தெரிந்ததும் காலண்டரில் நாற்பத்திரண்டு நாள் பின்னால் எண்ணி ஒரு வட்டம் போடுவாள். அவளைப் பொறுத்தவரை அந்த வட்டத்திலேயே அவன் பாதி வந்தாயிற்று.

இந்தத் தடவை வட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டாள். தண்ணீரை எடுத்து அதன் மேல் ஊற்றினால் சீறி முகத்தில் அடித்துவிடும். கீழ்வீட்டில் இருக்கும் நாத்தனார் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“என்ன அண்ணி, கையுறை, கண்ணாடி எல்லாம் பலமா இருக்கு? அண்ணனை வரவேற்கப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?”

“வாய் பேசினது போதும், வந்து கிளறு.”

தேங்காய் எண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் காரநீரோடு சேர்ந்து கூழானது. கரண்டி போன தடம் அழியாமல் நின்றதும் ஆரஞ்சு எண்ணெயை ஊற்றினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கிராம்பு எண்ணெய் நாலே சொட்டு. கை தவறிக் கூடிவிட்டால் கலவை பாத்திரத்திலேயே கல்லாகிவிடும்.

“கிராம்பு எதுக்கு அண்ணி?”

“ஆரஞ்சு சும்மா நிக்காது. ஓடிப்போயிடும். இது கொஞ்சம் பிடிச்சு வைக்கும்.”

“எங்க அண்ணன் மேலயும் நாலு சொட்டு விட்டுப் பாருங்களேன்!”

இருவரும் சிரித்தார்கள். மூக்கு கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திக்கொண்டாள்.

முப்பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்களாம், இரண்டு மாசம் ஆகுமாம். “சரி” என்றாள். வேறென்ன சொல்வது? இரண்டு மாசம் கழித்து மறுபடி போன். மாற்று ஆள் வரவில்லை, இன்னும் ஒரு மாசம். அதற்கும் “சரி” என்றாள்.

சோப்புத் துண்டுகள் அலமாரித் தட்டில் வரிசையாக நின்றன. தினம் வேலைக்குப் புறப்படுமுன் ஒன்றை எடுத்து முகர்வாள். முதலில் ஆரஞ்சு போனது. பிறகு கிராம்பும் போனது. தொண்ணூறாம் நாள் செங்கல்லை முகர்ந்தது போல இருந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. கப்பல்தான் வரவில்லையா, இல்லை அவனுக்கே வர மனமில்லையா? பார்க்காமல் இருந்தால் மனுஷனுக்குள்ளும் எல்லாம் இப்படித்தான் வற்றிப்போகுமோ? யாரிடம் கேட்க? அவன் சட்டை ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் துவைத்த சட்டை. ஒருகாலத்தில் அவள் விரட்டப் பார்த்த எண்ணெய் வாடைக்காக அன்றைக்கு ஏங்கிப்போனாள்.

நூற்று நாற்பத்தோராம் நாள் காலை அவன் வந்து நின்றான். இளைத்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. அதே எண்ணெய் வாடை. அவளுக்குக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. ஆனால், “குளிச்சிட்டு வாங்க” என்றுதான் வாயில் வந்தது.

“சோப்பு எங்க?”

“கடையில வாங்கி வெச்சிருக்கேன்.”

“நீ செஞ்சது?”

“வாசனை போயிடுச்சு. லேட்டா வந்தா அப்படித்தான்.” குரல் கொஞ்சம் சுருக்கென்றே வந்தது.

அவன் பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே ஐந்து சோப்புகள். ஒவ்வொரு லீவு முடிந்து கிளம்பும்போதும் அவள் ஒன்று கொடுத்து அனுப்பியவை. ஒன்றில்கூடத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

“குளிக்கத்தானே குடுத்தேன்!” அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “மாங்கு மாங்குன்னு கிளறினது பொட்டியில பூட்டி வைக்கவா?”

“போட்டா கரைஞ்சுடுமே.”

ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். ஓரம் நெடுக, பக்கத்தில் பக்கத்தில், நகத்தால் சுரண்டிய குறிகள். மற்ற நான்கிலும் அப்படியே.

“என்னது இது? எலி கடிச்சுதா?”

“வாசனை மேலதான் போகும், மூக்கு. கொஞ்சம் சுரண்டினா உள்ள இருக்கும். தாங்க முடியாத அன்னிக்கு மட்டும் ஒரு கீறல்.”

அவள் குறிகளை எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கு மேல் கண்ணீர் மறைத்தது. எழுந்துபோய்த் தட்டிலிருந்த புதுச் சோப்பில் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள்.

“போங்க. இதையாவது முழுசாக் கரைச்சிட்டு வாங்க.”

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். கீழேயிருந்து நாத்தனார் கூவினாள்.

“அண்ணி! அண்ணன் வந்தாச்சா? மாடிப்படி வரைக்கும் ஆரஞ்சு வாசனை அடிக்குது!”

மூக்கு இழுத்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அழுது அழுது மூக்கு அடைத்திருந்தது.

“ஏய் மூக்கு, வருதா?” என்று உள்ளிருந்து அவன் கேட்டான்.

“வருது,” என்றாள்.