பாமா ஓட்டினால் மட்டும் குலுங்கும் கார்

காலை எட்டரை மணி. பெங்களூரு பிரேசர் டவுன் சிக்னலில் பச்சை விழுந்தது. பாமா பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத்தான் அழுத்தினாள். கியர் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும் நேரத்தில், பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்ததுபோல் கார் வெட்டிக் குலுங்கியது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, ஓட்டுவது யார் என்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த அவள் கணவன் அசோகனும் சிரித்தான். "ஏம்மா, ஆட்டோமேட்டிக் வண்டி இது. கியரே நீ போட வேணாம். இதையும் குலுக்குனா உனக்கு எந்த வண்டிய வாங்கித் தர்றது?"

"ஆறு மாசமா சொல்றேங்க. வண்டி சூடானா கியர் மாறுறப்ப வெட்டுது. ஒரு தடவ மெக்கானிக்கிட்ட காட்டலாம்."

"ஞாயித்துக்கிழமை நான் கேஜிஎஃப் போயிட்டு வர்றேனே, வெண்ணெய் மாதிரி போவுது. கோளாறு வண்டியில இல்ல."

அடேயப்பா, என்ன தீர்ப்பு! காலியான நெடுஞ்சாலையில் வாரம் ஒருநாள் ஓட்டுகிறவர், ஊர் நெரிசலில் தினமும் ஓட்டுகிறவளுக்குச் சொன்ன தீர்ப்பு. இதையே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் சொன்னான், பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னான். ஆரம்பத்தில் பாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நாளாக ஆக, தப்பு தன் கையில்தானோ என்ற பயம் அவளுக்கே வந்துவிட்டது.

அந்தப் பயம் வந்த நேரமும் சரியில்லை. அவள் வேலை செய்யும் கேட்டரிங் கம்பெனி, எலெக்ட்ரானிக் சிட்டியில் மூன்று கேன்டீன்களை அவள் பொறுப்பில் கொடுக்க முன்வந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மூன்றையும் சுற்றிப் பார்க்க வேண்டும். கார் இல்லாமல் ஆகாது. வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். 'என்னால் முடியாது' என்று சொல்லிவிடத்தான் மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள்.

இதே பாமாதான், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயலில், அவர்கள் ஊரான சாம்பியன் ரீஃபிலிருந்து பெங்களூருக்குப் பாதி தூரம் ஓட்டி வந்தவள். கல்யாணமான புதிது. யாரோ ஓட்டி அலுத்து விற்ற, கையால் கியர் போடுகிற ஒரு வெள்ளைக் கார். கோலார் ரோட்டில் இறக்கம் வந்தால் போதும், அசோகன் நியூட்ரலில் தள்ளிவிடுவான். இன்ஜின் சத்தம் அடங்கும். காற்றும் அவர்கள் பேச்சும் மட்டும் கேட்கும். வண்டி எந்தப் புளியமரம் வரைக்கும் உருளும் என்று பந்தயம் கட்டுவார்கள். பெட்ரோலும் மிச்சம், சந்தோஷமும் மிச்சம். டீக்கடையில் நின்றால் அசோகன் முன்பின் தெரியாதவரிடம்கூடச் சொல்வான்: "என் சம்சாரம் ஓட்டுனா டம்ளர்ல டீ சிந்தாது சார்!" அந்த மனிதன் எங்கே போனான்?

வியாழக்கிழமை அவள் யாரையும் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு, ஜீவனஹள்ளியில் மெக்கானிக் ஆரோக்கியசாமியின் ஷெட்டுக்குக் காரைக் கொண்டுபோனாள். அவரும் இவர்களைப்போல கேஜிஎஃப்காரர்தான்.

"சூடான பிறகா, காலையில எடுத்ததுமா சிஸ்டர்? எந்த கியர் மாறுறப்ப? ரிவர்ஸ் போட்டாலும் அடிக்குதா?" என்று கேட்டார் ஆரோக்கியசாமி.

ஆறு மாதத்தில் அவளிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர். பாமா ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். பிறகு, "வேற யார் ஓட்டுறாங்க? அவரையும் கூப்பிடுங்க. ஓட்டுற எல்லாரையும் பாக்காம நான் வண்டியில கை வைக்கிறதில்ல" என்றார்.

தன் தீர்ப்புக்கு முத்திரை விழப்போகிறது என்ற நினைப்பில் அசோகன் ஆட்டோ பிடித்து வந்தான். ஆரோக்கியசாமி பக்கத்திலும் பாமா பின்சீட்டிலும் உட்கார, சூடாயிருந்த வண்டியை நெரிசலுக்குள் எடுத்தான். மார்க்கெட் முனையில் வெட்டியது.

"ரோடு சரியில்ல பிரதர்" என்றான் அசோகன்.

சிமென்ட் ரோட்டிலும் வெட்டியது. பாலத்தின் மேலேறி இறக்கம் தொடங்கியதும், அவன் இடது கை தானாகப் போய் நியூட்ரலில் தள்ளியது. வண்டி சத்தமில்லாமல் உருண்டது. கீழே வந்ததும் மறுபடி ஓட்டும் நிலையான டி-க்கு இழுத்தான். 'தடால்' என்று ஒரு அடி!

"ஓரமா நிறுத்துங்க பிரதர்" என்றார் ஆரோக்கியசாமி. "இந்தப் பழக்கம் எத்தன நாளா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து..."

பின்சீட்டில் இருந்த பாமாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஷெட்டில் கியர் பாக்ஸ் எண்ணெயை இறக்கினார்கள். சிவப்பாக இருக்க வேண்டியது, கருகிய வாடையோடு கறுப்பாக வந்தது. "ஓடுற ஆட்டோமேட்டிக் வண்டிய நியூட்ரல்லேர்ந்து டி-க்குத் தள்ளினா, உள்ள இருக்கிற பிளேட்டுங்க அடி வாங்கும். தேஞ்ச தூளெல்லாம் எண்ணெயில கலக்கும். ஊருக்குள்ள கியர் மாறி மாறி விழுறப்ப வெட்டும். நெடுஞ்சாலையில ஒரே கியர்ல வேகமா போறதால தெரியாது. சிஸ்டர் சொன்ன அன்னைக்கே வந்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது" என்றார் ஆரோக்கியசாமி. ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, வண்டியின் கம்ப்யூட்டரில் கியர் மாறும் அளவுகளைப் புதிதாகப் பதிய வைத்தார்.

சாயங்காலம் பாமா ஓட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... கியர் மாறுவதே தெரியவில்லை. அசோகன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்மேலதாம்மா. தெரியாம நியூட்ரல் போட்டுட்டேன்" என்றான்.

பாமா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். முதலில் மேனேஜருக்குப் போன் போட்டாள். "சார், மூணு கேன்டீனையும் நானே பாத்துக்கிறேன்." போனை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது.

"நியூட்ரல் போட்டது பழக்க தோஷங்க, அத விடுங்க. ஆறு மாசம் நான் சொன்னேன், நீங்க நம்பல. இன்னைக்கு ஒரு ஆம்பள சொன்னாரு, அஞ்சு நிமிஷத்துல நம்பிட்டீங்க. பொம்பள ஓட்டுற வண்டி குலுங்குனா, மொதல்ல வண்டியத் தொறந்து பாருங்க. அவளையே கொற சொல்லிச் சொல்லி அவ கைய நடுங்க வெச்சுட்டா, அதுக்கு எந்த ஷெட்லயும் ரிப்பேர் கெடையாது."