கடிக்காத பனங்கட்டி

பனங்கட்டித் துண்டைத் தேநீருக்குள் போட்டுவிட்டு, அது கரையும்வரை மரியநாயகம் கோப்பையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான். எதிர்க் கதிரையில் இருந்த எமிலியானுஸ் அந்தக் கையையே பயத்தோடு பார்த்தார். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு ஓடும் அவருடைய லோஞ்சில் இஞ்சின் ட்ரைவர் வேலை கேட்டு வந்தவன் அவன். நெடுந்தீவுதான் சொந்த இடம் என்று அடித்துச் சொல்கிறான். தீவான் எவன் பனங்கட்டியைக் கரைத்துக் குடிக்கிறான்? பல்லால் ஒரு கடி, மேலே ஒரு மிடறு. இங்கே அதுதானே வழக்கம். கரைத்துக் குடிக்கிறவன் அக்கரைக்காரன், இராமேசுவரத்தான்.

சும்மா வந்த பயமில்லை இது. போன வருடம் தெற்கில் கலகம் நடந்ததிலிருந்து எல்லாரையும் எல்லாரும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். லோஞ்சில் கடற்படைக்காரரும் போய்வருவதால், காரைநகரில் வந்து தங்கியிருக்கும் அரசாங்கத்து ஐயா ஒருவர் இதே கதிரையில் இருந்து சொல்லிவிட்டுப் போனார்: வேலை கேட்டு வருகிறவர்களுக்குள் இந்தியாவின் உளவாளி இருக்கலாம், சந்தேகம் வந்தால் உடனே அறிவிக்க வேண்டும், ஆள் தப்பினால் பொறுப்பு உன் தலையில். அன்றிலிருந்து எமிலியானுசுக்குச் சோறு இறங்கவில்லை. உளவாளிக்குக் கொம்பா முளைத்திருக்கும்? இஞ்சினில் கோளாறென்றால் சத்தத்திலேயே பிடித்துவிடுவார். மனிதரை எதைக் கொண்டு பிடிப்பது?

"நீர் ஜெற்றியடியிலை போய் இரும். ஒராள் வந்து உம்மைப் பாப்பார்."

அவனை அனுப்பிவிட்டு, தபாற்கந்தோருக்கு விழுந்தடித்துப் போய் ரெலிபோனில் அந்த ஐயாவுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தார். கோப்பையை எடுக்க வந்த மனைவி ஜசிந்தா சாவகாசமாகச் சொன்னாள்:

"பாவம் அந்தப் பெடியன். சரியான பல்லுக்கொதி. குசினிப் பக்கம் வந்து பல்லிலை வைக்கக் கராம்பு கேட்டவன், குடுத்தனான். கன்னம் வீங்கிக் கிடந்ததை நீங்கள் காணேல்லையே?"

காணவில்லை. அவன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எமிலியானுசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் பல்லுக்கொதி உளவாளிக்கும் வரும்தானே? ஓடச் சொல்லிவிட்டு, பிறகு அவன் உண்மையிலேயே இந்தியாவின் ஆளென்று தெரிந்தால் தன் கதி என்ன? சொல்லாமல் விட்டால் அவன் கதி? கொண்டுபோகிறவர்கள் பல்லைப் பார்த்தா விசாரிக்கப் போகிறார்கள்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெற்றிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"பல்லுக்கொதியெண்டு ஏன் காணும் சொல்லேல்லை?"

மரியநாயகம் வெட்கப்பட்டான். "வருத்தக்காரனெண்டு வேலை தராமல் விட்டிடுவியளோ எண்டு பயந்திட்டன் ஐயா. வாற ஐயாவுக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

'ஓடு' என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அதற்குள் லோஞ்ச் துறைக்குள் திரும்பிவிட்டது. முன்பக்கத்தில் அரசாங்கத்து ஐயா. அவருக்குப் பின்னால் இரண்டு காக்கிச்சட்டைகள்.

மரியநாயகம் எழுந்து சேர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டான். லோஞ்சிலிருந்து எறிந்த கயிற்றை யாரும் சொல்லாமலே எட்டிப் பிடித்து, கட்டையில் சுற்றி இறுக்கினான். சரியாகக் கட்டினேனா என்பதுபோல் எமிலியானுசைத் திரும்பிப் பார்த்து, வீங்காத பக்கத்தால் சிரித்தான்.